போன்சாய் இலை மஞ்சளாகிறதா? உரம் போடும் முன் இதைப் பாருங்கள்!

“இது செத்துப்போச்சான்னு மட்டும் சொல்லு, ப்ளீஸ்.”

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. தோழியிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது. கூடவே ஒரு போட்டோ. பழுப்பு நிறச் சட்டி, அதில் ஒரு முழம் உயரத்துக்கு முறுக்கிய அடிமரம், உச்சியில் இருபது இருபத்தைந்து இலைகள். அதில் பாதி மஞ்சள். சிலவற்றின் ஓரம் தீய்ந்துபோய் இருந்தது. சட்டியைச் சுற்றித் தரை முழுக்க உதிர்ந்த இலைகள்.

அது அவளுடைய அப்பா வளர்த்த மரம். பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். மதுரை வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்தபோது, மொட்டை மாடியில் இருந்த தொட்டிகளை எல்லாம் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டார்கள். இதை மட்டும் காரின் பின் சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். சட்டியின் அடியில் மார்க்கரில் ‘2006’ என்று அவர் கையெழுத்து இருக்கிறது.

ஏப்ரல் நடுவில் வந்த மரம், ஜூனில் இந்த நிலைமை. நடுவில் என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். ஒரு பெரிய பட்டியலே வந்தது. இலை உதிர ஆரம்பித்ததும் ஒரு குழுவில் போட்டோ போட்டிருக்கிறாள். ஒருவர் ‘தண்ணி பத்தல’ என்றார். இன்னொருவர் ‘தண்ணி ஜாஸ்தி’ என்றார். மூன்றாமவர் ‘19:19:19 உரம் போடுங்க’ என்றார். நான்காமவர் ‘வெயில்ல வைங்க’ என்றார். பாவம், அவள் எல்லார் பேச்சையும் கேட்டுவிட்டாள்.

போன்சாய் வாங்கியவர்கள், பரிசாகப் பெற்றவர்கள், இப்படி வாரிசாகப் பெற்றவர்கள் எல்லாருக்கும் நடக்கும் கதை இது. மரத்துக்கு நோய் வருவதை விட, தப்பான வைத்தியத்தால் போவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் மருந்துக்கு முன்னால், இலையைப் பார்த்து என்ன பிரச்சினை என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

சட்டி சின்னது, அதுதான் பிரச்சினை

‘போன்சாய்’ என்பது ஒரு மர வகையின் பெயர் இல்லை. ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்றால் தட்டு மாதிரி ஆழம் குறைந்த தொட்டி, ‘சாய்’ என்றால் நடவு. சீனாவின் ‘பென்ஜிங்’ கலையிலிருந்து வந்தது. எந்த மரத்தையும் இப்படி வளர்க்கலாம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளை பைன் மரம் இருக்கிறது. 1625-லிருந்து சட்டியில் வளர்க்கப்படும் அந்த மரம், 1945-ல் ஹிரோஷிமா அணுகுண்டையும் தாண்டிப் பிழைத்தது. அதாவது, சட்டியில் வளர்வதால் மரத்துக்கு ஆயுள் குறையாது. ஆனால், தப்புக்கு இடம் குறைவு.

தரையில் இருக்கும் மரத்துக்கு நீங்கள் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாவிட்டால் வேர் ஆழமாகப் போய்த் தேடிக்கொள்ளும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் மழை வந்து கழுவிவிடும். போன்சாய்க்கு இரண்டு உள்ளங்கை மண்தான் உலகம். அங்கே எது கூடினாலும் குறைந்தாலும் சில நாட்களில் இலையில் தெரிந்துவிடும்.

நம் ஊரில் அதிகம் விற்பது ஃபைகஸ் வகை. தோழியின் மரமும் அதுதான், ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா. பெயரைக் கேட்டு வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஆல், அரசு, அத்தி எல்லாமே ஃபைகஸ்தான். ஒரே குடும்பத்துப் பங்காளிகள். கோயில் கோபுரத்து விரிசலில்கூட முளைக்கும் பரம்பரை. அவ்வளவு சீக்கிரம் சாகாது என்ற ஒரே நம்பிக்கையில்தான் அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன்.

முதல் கேள்வி: எந்த இலை?

‘இலை மஞ்சளா இருக்கு’ என்று சொன்னால் போதாது. டாக்டரிடம் போய் ‘வலிக்குது’ என்று மட்டும் சொல்வது மாதிரி அது. எந்த இலை மஞ்சள்? கிளையின் அடியில் இருக்கும் பழைய இலையா, நுனியில் வந்த புது இலையா?

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நைட்ரஜன், மெக்னீசியம் போன்ற சத்துகளை மரத்தால் உள்ளுக்குள் இடம் மாற்ற முடியும். பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுத்துவிடும். வீட்டில் சாப்பாடு குறைந்தால் அம்மா தன் தட்டைக் குறைத்துக்கொள்வது போல. அதனால் பழைய இலை முதலில் வெளுக்கும். இலை முழுக்க ஒரே சீராக வெளிறினால் நைட்ரஜன் குறைவாக இருக்கலாம். பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து, நடுப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம்.

இரும்பு அப்படி இல்லை. ஒரு இலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து அவ்வளவு எளிதில் நகராது. எனவே இரும்பு கிடைக்கவில்லை என்றால் புது இலை பிறக்கும்போதே வெளிறிப் பிறக்கும். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக, வலை போட்ட மாதிரி தெரியும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. கிளையின் உட்பக்கம் இருக்கும் நாள்பட்ட இலைகள் ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுந்து, நுனியில் புதுத் துளிர் நன்றாக வந்துகொண்டிருந்தால், அது நோயே இல்லை. வயதான இலை விழுகிறது, அவ்வளவுதான்.

ஒரு கிளை மட்டும் மஞ்சளானால்? அந்தக் கிளையின் அடிவரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வடிவம் கொடுப்பதற்காகச் சுற்றிய கம்பியை எடுக்க மறந்து, அது பட்டைக்குள் அழுந்திப் போயிருக்கலாம். கழுத்தை நெரிப்பது மாதிரிதான் அதுவும்.

தோழியின் மரத்தில் உதிர்ந்து கிடந்தவை பெரும்பாலும் பழைய இலைகள். ஓரம் தீய்ந்தவை நடுவில் இருந்தவை. நுனியில் வந்திருந்த நான்கைந்து புது இலைகள் வெளிறி, நரம்பு பச்சையாக இருந்தன. மூன்று இடத்தில் மூன்று விதமான அடையாளம். அதாவது ஒரு நோய் இல்லை, ஒன்றன் மேல் ஒன்றாக வந்த மூன்று நான்கு பிரச்சினைகள். இரண்டு மாத டைரி மாதிரி இருந்தது அந்த மரம்.

ஹாலுக்கு வந்த அதிர்ச்சி

டைரியின் முதல் பக்கம் ஏப்ரல். இத்தனை வருடம் மொட்டை மாடி வெளிச்சத்தில் இருந்த மரத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நம் கண்ணுக்கு அந்த ஹால் வெளிச்சமாகத்தான் இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலையால் முடியாது. வெளி வெளிச்சத்தில் ஒரு சிறு பங்குதான் வீட்டுக்குள் வருகிறது.

வெளிச்சம் திடீரென்று குறைந்தால், இத்தனை இலையை வைத்துச் சமாளிக்க முடியாது என்று ஃபைகஸ் இலைகளைக் கொட்டிவிடும். இரண்டு வாரத்துக்குள் பாதி மரம் காலியாவதுகூட உண்டு. பயமாகத்தான் இருக்கும். ஆனால் மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுக்கும் நடவடிக்கைதான் அது. நல்ல வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரத்திலோ பால்கனியிலோ ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால், பெரும்பாலும் திரும்பத் துளிர்த்துவிடும்.

நர்சரியிலிருந்து வாங்கி வந்த முதல் மாதத்தில் இலை கொட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பதறிப்போய் தினமும் இடத்தை மாற்றினால் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

தண்ணீர்: கூடினாலும் வாடும், குறைந்தாலும் வாடும்

இலை கொட்டியதைப் பார்த்து அவள் செய்தது, காலையும் மாலையும் தண்ணீர். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வாடினால் தண்ணீர் ஊற்று என்பதுதானே நமக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

ஆனால் பாதி இலை போன மரம், முன்பு குடித்த அளவுக்குத் தண்ணீர் குடிக்காது. குடிக்காத தண்ணீர் மண்ணிலேயே நிற்கும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியமோ காற்றும் அவ்வளவு முக்கியம். மண் துளைகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுத் திணறும், பிறகு அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. விளைவு, ஈரமான மண்ணில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தண்ணீர் குறைந்த இலை மொறுமொறுவென்று காயும், பெரும்பாலும் பச்சை நிறம் மங்கி, சுருண்டு, காம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கூடிய இலை மஞ்சளாகி, மெத்தென்று இருக்கும், தொட்டாலே விழும். நுனி கறுக்கலாம். மண்ணில் குழாயடி நாற்றம் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இலையை மட்டும் நம்பாமல் மண்ணையும் கேளுங்கள். மேல்மண் காய்ந்திருக்கும், அடியில் சேறாக இருக்கும். அதனால் விரலால் மேலே தொட்டுப் பார்ப்பது ஏமாற்றும். எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சி வீட்டில் நிச்சயம் இருக்கும். அதை அடிவரை குத்தி, பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று குச்சியே காட்டும். குச்சியின் அடிப்பாதி ஈரமாக இருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். “அப்பா குச்சியெல்லாம் குத்த மாட்டார்மா. தினம் காலைல சட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். எதுக்குன்னு நான் கேட்டதே இல்ல.”

எடை பார்த்திருக்கிறார். ஈரச் சட்டி கனக்கும், காய்ந்த சட்டி லேசாக இருக்கும். ஒரு வாரம் தூக்கிப் பழகினால் கைக்கே கணக்குத் தெரிந்துவிடும். போன்சாயில் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவே மூன்று வருஷம் ஆகும் என்று ஜப்பானில் சொல்வார்கள். அவருக்கு அது கைவந்திருக்கிறது.

ஒரு முக்கியமான விஷயம், பரிசாக விற்கப்படும் பல மரங்களில் மேல்மண்ணில் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அழகுக்கும், லாரியில் வரும்போது மண் கொட்டாமல் இருக்கவும். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்து ஓடிவிடும். வாங்கி வந்ததும் முதல் வேலையாக அதைப் பெயர்த்து எடுங்கள். சட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா, அது அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓரம் தீய்ந்தது ஏன்?

மே மாதம். இலை இன்னும் கொட்டுகிறதே என்று உரம் போட்டிருக்கிறாள். பாக்கெட்டில் போட்டிருந்த அளவைவிட ‘கொஞ்சம் தாராளமாக’.

மாங்காய்த் துண்டில் உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும் இல்லையா, வேருக்கு நடந்ததும் அதேதான். மண்ணில் உப்பின் செறிவு ஏறிவிட்டால் வேரால் தண்ணீரை உள்ளே இழுக்க முடியாது. முதலில் அடிபடுவது இலையின் நுனியும் ஓரமும்தான். பழுப்பாக, காகிதம் மாதிரி காயும். வேர் ஏற்கெனவே அழுகிக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஜுரத்தில் இருப்பவருக்குப் பிரியாணி கொடுத்த கதை. உடம்பு சரியில்லாத மரத்துக்கு உரம் போடக்கூடாது என்பது போன்சாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் சில விஷயங்களில் ஒன்று.

அது போதாதென்று, நான்காமவரின் யோசனைப்படி, கத்திரி வெயிலில் மேற்குப் பார்த்த பால்கனிக்கு மாற்றியிருக்கிறாள். ஒரு மாதம் ஹால் வெளிச்சத்துக்குப் பழகிய இலைகள், ஒரே நாளில் மதிய வெயிலைச் சந்தித்தன. வெயில் பட்ட பக்கத்து இலைகளில் மட்டும் வெளுத்த திட்டுகள் விழுந்து, பிறகு பழுப்பாகின. இது வெயில் காயம். அடையாளம் சுலபம். ஒரு இலை இன்னொன்றின் மேல் நிழல் விழுத்திய இடம் மட்டும் பச்சையாகத் தப்பியிருக்கும்.

கருகிய இடம் மறுபடி பச்சையாகாது. அதற்காக அந்த இலைகளைப் பிய்த்துப் போட வேண்டாம். பாதி பச்சை இருந்தாலும் அது மரத்துக்குச் சமைத்துப் போடும். வெயிலுக்கு மாற்றுவதாக இருந்தால், முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

ஆர்.ஓ. கழிவு நீர்: நல்ல எண்ணம், தப்பான தண்ணீர்

புது இலை வெளிறியதற்குக் காரணம் தேடியபோது, சமையலறை சிங்க்கில் நின்ற வாளியில் பதில் கிடைத்தது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். பல அபார்ட்மென்ட்களில் நடப்பதுதான். தரை கழுவ, கழிப்பறைக்குப் பயன்படுத்தினால் பிரமாதம். போன்சாய்க்கு மட்டும் வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போர் தண்ணீரில் 800 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரம் மூன்று லிட்டரை எடுத்து, ஒரு லிட்டரைச் சுத்தமாக்கி, இரண்டு லிட்டரை வெளியே தள்ளினால், மூன்று லிட்டரின் உப்பு கிட்டத்தட்ட முழுவதும் அந்த இரண்டு லிட்டரில்தான் இருக்கும். 800 என்பது 1,200-க்குப் பக்கத்தில் போய்விடும். அதைத் தினமும் இரண்டு உள்ளங்கை மண்ணில் ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். சட்டி விளிம்பிலும் அடிமரத்திலும் வெள்ளைப் படலம் தெரிகிறதா? அதுதான்.

இப்படிப்பட்ட கடினத் தண்ணீர் மண்ணின் பி.எச். அளவையும் 7-க்கு மேலே தள்ளும். காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் பயனில்லை. வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்கு அது மாறிவிடும். பேங்கில் பணம் இருக்கிறது, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை என்கிற மாதிரி. வேர் அழுகினாலும் இதே அறிகுறி வரும் என்பதால் இங்கே இரண்டும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம்.

தீர்வு, முதலில் தண்ணீரை மாற்றுவது. மழைத் தண்ணீர் கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாலு கேன் பிடித்து மூடி வைக்கலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாக இருக்காது. குழாய்த் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரைச் சட்டி வழியாக நாலைந்து முறை தாராளமாக ஓடவிட்டால், தேங்கிய உப்பு கழுவிப் போகும். அப்புறமும் புது இலை வெளிறியே வந்தால், ‘கீலேட்டட் அயர்ன்’ என்று உரக்கடையில் கேளுங்கள்.

‘கறிவேப்பிலைக்கு ஊத்துற மாதிரி புளிச்ச மோர் ஊத்தலாமா?’ இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மோரின் புளிப்பு மண்ணின் காரத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பது சரி. ஆனால் கறிவேப்பிலை தரையிலோ பெரிய தொட்டியிலோ இருக்கிறது. இந்தச் சின்னச் சட்டியில் மோர் தங்கி நாறும், ஈ மொய்க்கும். விட்டுவிடுங்கள்.

எறும்பு ஏறுதா? இலையைத் திருப்பிப் பாருங்க!

தோழியின் மரத்தில் பூச்சி இல்லை. ஆனால் சென்னை, கோவை பால்கனிகளில் இருக்கும் ஃபைகஸ்களுக்குப் பூச்சி சகஜம். போன் கேமராவின் மேக்ரோ வசதி இதற்கு நல்ல பூதக்கண்ணாடி.

இலையின் மேல் பிசுபிசுப்பு, அடிமரத்தில் எறும்பு வரிசை இரண்டும் இருந்தால், எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது. காம்பும் தண்டும் சேரும் இடுக்கில் பஞ்சு ஒட்டினது போல இருந்தால் மாவுப்பூச்சி. இலை நரம்பிலும் தண்டிலும் பழுப்புப் பொட்டு ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. அவை கழிக்கும் இனிப்புத் திரவத்தைத் தேடித்தான் எறும்பு வருகிறது. அந்தத் திரவத்தின் மேல் வளர்வதுதான் இலையில் கரி பூசினது மாதிரி படியும் கரும்பூசணம். கரியைத் துடைத்தால் போதாது, பூச்சியை எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை பட்ஸில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடையுங்கள். சின்ன மரம்தானே, ஒரு வெப் சீரிஸ் எபிசோடு ஓடும் நேரத்தில் முடித்துவிடலாம்.

இலை மேல் ஊசியால் குத்தின மாதிரி வெளிர் புள்ளிகள், மங்கலான நிறம், இடுக்கில் மெல்லிய நூலாம்படை. இது சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்க ஆரம்பித்தால் அதுதான். வெயில் காலத்து ஆசாமி. இது பூச்சி இனமே கிடையாது, எட்டுக் கால் சிலந்தி வகை. அதனால் சாதாரணப் பூச்சிக்கொல்லி பல இதைத் தொடாது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து அடித்த பிறகு சிலந்திப்பேன் பெருகியதும் உண்டு. இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது முதல் வைத்தியம்.

ஃபைகஸுக்கு என்றே ஒரு இலைப்பேன் இருக்கிறது. புது இலை வெற்றிலை மடித்தது போல நீளவாக்கில் மடிந்து, சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளி விழுந்திருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் கறுப்புப் பேன்கள். மடிப்புக்குள் மருந்து போகாது. அந்த இலைகளை வெட்டி, கவரில் போட்டுக் கட்டி, குப்பையில் போடுவதுதான் வழி.

மற்றபடி வேப்பெண்ணெய் நல்ல துணை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் இரு பக்கமும். முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். ஒரு தடவையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்துத் திரும்ப வரும். வாரம் ஒரு முறை, மூன்று வாரம்.

இதெல்லாம் நோயே இல்லை

ஃபைகஸ் இலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சின்னச் சின்ன வெண்புள்ளிகள் தெரியலாம். விரலால் தேய்த்துப் பாருங்கள். வந்துவிட்டால் உப்போ தூசியோ பூச்சியோ. வரவில்லை, எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் அது ‘சிஸ்டோலித்’. இலை செல்லுக்குள் படிந்த சுண்ணாம்பு. பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஆலமர இலையின் குறுக்குவெட்டுப் படம் ஞாபகம் வரலாம். இதற்கு மருந்து அடித்தவர்கள் இருக்கிறார்கள். கார்மோனா போன்சாயின் இலையிலும் இயல்பாகவே வெள்ளைப் புள்ளிகள் உண்டு.

புளிய மரப் போன்சாய் சாயங்காலம் இலையை மூடிக்கொள்ளும். வாடவில்லை, தூங்குகிறது. காலையில் திறக்கும்.

இதற்கு நேர் எதிர், பச்சையாக இருந்தே ஏமாற்றும் ஜூனிப்பர். ஆன்லைனில் அழகான போட்டோவோடு வருகிறது. குளிர்காலம் உள்ள ஊர்களில், வெட்டவெளியில் வளர வேண்டிய மரம் அது. செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே இருக்கும். இலை பழுப்பாகும்போது கதை எப்போதோ முடிந்திருக்கும். சென்னை ஃபிளாட்டுக்குள் வைக்க யாராவது கேட்டால், வாங்காதே என்றுதான் நான் சொல்வேன். ஜேட் செடி வேறு ரகம். இலை சுருங்கினால் தாகம், மஞ்சளாகி மெத்தென்று விழுந்தால் தண்ணீர் அதிகம்.

உயிர் இருக்கா?

அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். கிளையில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து இருந்தால் அந்த இடம் போய்விட்டது. நுனியில் ஆரம்பித்து அடி நோக்கி வர வேண்டும். ஃபைகஸில் கீறிய இடத்தில் பால் கசியும், இன்னும் தெளிவு.

அவள் கீற மாட்டேன் என்றாள். நான்தான் கீறினேன். இடது பக்கம் கீழ்க்கிளை, நுனியிலிருந்து அடிவரை பழுப்பு. பால் இல்லை. அடுத்து வலது கிளை, நுனி காய்ந்திருந்தது, இரண்டு அங்குலம் கீழே பச்சை. அடிமரத்தில் கீறியதும் வெள்ளையாக ஒரு பொட்டுப் பால் வந்தது. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

சாதாரணமாக நலிந்த மரத்தைச் சட்டி மாற்றக்கூடாது. ஆனால் இதன் மண்ணில் நாற்றம் இருந்தது, அதனால் வேறு வழி இல்லை. வெளியே எடுத்தோம். அடியில் இருந்த வேர்கள் கறுத்து, பிடித்தால் தோல் உரிந்து வந்தது. அழுகியதை மட்டும் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் வெட்டினோம். உடைத்த செங்கல் துண்டு, கழுவிய பெருமணல், கொஞ்சம் மக்கிய உரம் கலந்து, தண்ணீர் தங்காத மண்ணாக வைத்தோம். அதே ‘2006’ சட்டிதான். நேர் வெயில் படாத, வெளிச்சமான பால்கனி மூலை. மழைத் தண்ணீர் வரும்வரை ஏசித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாதிப் பாதி. உரம் கிடையாது. தினமும் போட்டோ எடுத்து அனுப்பக்கூடாது, வாரம் ஒன்றுதான் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். எதை மாற்றினாலும் இலையில் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் இன்னொன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

முதல் மூன்று வாரத்தில் மீதி மஞ்சள் இலைகளும் விழுந்தன. மொட்டையாக நின்றது. நான்காவது வார போட்டோவில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது வாரம், அடிமரத்தில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அரிசி அளவில் ஒரு துளிர்.

ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பார்த்தபோது வலது பக்கம் முப்பது இலைக்கு மேல் இருந்தது. எல்லாம் நல்ல பச்சை. இடது கிளை வரவில்லை. மரத்தின் வடிவமே அந்தக் கிளையை நம்பித்தான் இருந்தது, இப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்த மாதிரி தெரிகிறது. அதை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். “இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள். காலையில் தண்ணீர் ஊற்றுவது இப்போது அம்மாவின் வேலை. சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்.